அடி எண்ணும் கருவி

"சார், இன்னிக்கு நான் இன்னும் ஷூவையே மாட்டலை. அதுக்குள்ள முந்நூத்தி அறுபது அடி நடந்துட்டேன்னு காட்டுது. எப்படி சார்?"

தொலைபேசியின் மறுமுனையில் இருந்த வழிகாட்டிக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் கொண்டாட்டம். கடலோர யாத்திரைப் பாதையில் ஆறு நாள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறவர். பாதையில் போடப்போகும் அதே ஷூவோடு, ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் எட்டாயிரம் அடி நடந்து பழக வேண்டும். ஷூ நாடாவில் மாட்டிய கருவி காட்டும் கணக்கை மாலையில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் போட்ட சட்டம் அது.

"மாயமெல்லாம் இல்லம்மா. உள்ளே பொடியா ஒரு எடை இருக்கு. காலைத் தூக்கி வைக்கிறப்போ அது ஆடும். ஒரு ஆட்டம்னா ஒரு அடி. வாஷிங் மெஷின் பக்கத்துல ஷூவை வெச்சீங்களா? அது அதிர்ந்தாலும் இது நடந்ததா நினைச்சுக்கும்."

"வாசல் அலமாரியிலதான் சார் இருக்கு. நான் எட்டு மணிக்குச் செருப்பு போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிடுவேன். சாயங்காலம் வந்துதான் ஷூவை எடுப்பேன்."

"அப்ப ஒண்ணு செய்ங்க. நாளைக்குக் கருவியை மட்டும் கழட்டி, ஷூ பக்கத்திலேயே வைங்க. பூஜ்யம் காட்டுச்சுன்னா அது மேல தப்பில்லை. மறுநாள் திரும்ப மாட்டிட்டு, ஓரத்துப் பொத்தானை அமுக்கிப் பாருங்க. எத்தனை மணிக்கு நடந்துச்சுன்னு மணிவாரியா சொல்லும்."

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இந்த முறை பிடித்துப்போனது. முதல் நாள் பூஜ்யம். திரும்ப மாட்டிய நாள் முந்நூற்று ஐம்பது. எல்லாமே காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள்.

"யாரோ என் ஷூவைப் போட்டுக்கிட்டு நடக்கிறாங்கப்பா" என்றாள், அப்பாவை வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தபடி.

பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்து ஒன்பது வருடம். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட்டுப் போட்டு, அவள் தோள் இறங்கிவிட்டது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இந்த ஆறு நாள்தான் அவள் தனக்கென்று கேட்டது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னா மனசு கஷ்டப்படுவே. எதிர்வீட்டுக்காரிகிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சிருக்கியே… பன்னெண்டு மணிக்குச் சோறு போட வர்றவ பத்து மணிக்கே வந்துடறா. உன் ஷூவை மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னால ஒய்யாரமா நடை பழகுறா. நான் என்ன, எழுந்துபோய்த் தட்டிக்கேக்கவா முடியும்?"

அவளுக்குச் சுரீரென்றது. நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, வேணும்னா கேட்டிருக்கலாம்ல?"

"என்னத்தைடி?"

"என் ஷூவை."

அக்கா சிரித்தாள். "என் கால் அஞ்சாம் நம்பர். உன் கப்பலை நான் எங்கேருந்து ஓட்டுறது?"

"பெரிய ஷூவுல சின்னக் கால் நுழையாதா? அப்பா பார்த்திருக்காரு."

சிரிப்பு நின்றது. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "ஒன்பது வருஷமா உங்கப்பனுக்குச் சோறு ஊட்டினதுக்கு நல்ல பட்டம் குடுத்துட்டே. அந்த ஆறு நாள் உங்க வீட்டுல வந்து படுத்துக்கிறேன்னு சொன்னேன் பாரு, அதையும் மறந்துடு."

கதவைச் சாத்தினாள்.

அன்று இரவு வழிகாட்டியே கூப்பிட்டார். "வேன்ல பெட்டிக்கு இடம் ஒதுக்கணும்மா. நாளைக்குள்ள உறுதியாச் சொல்லணும். வர்றீங்கதானே?"

"அப்பாவைப் பார்த்துக்க இருந்த ஒரே ஆளும் போச்சு சார். நாளைக்குச் சொல்றேன்."

உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடும்மா. கடல் எங்கே ஓடிடப்போகுது? நான் போய்ச் சேர்ந்தப்புறம் ஆற அமர நட."

மறுநாள் இரண்டு சாவிகளும் அவள் கைப்பையில் இருந்தன. கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டரைக்கு அனுமதி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்து பூட்டைத் திறந்தாள். அப்பா காலையில் விட்டுப்போன வாக்கிலேயே சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"கால் ரெண்டும் வலிக்குதும்மா. கொஞ்சம் அமுக்கிவிடேன்."

கால் மணி நேரம் அமுக்கிவிட்டாள். பிறகு ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். திரும்பிக் கிளம்பும்போது, இனி எதற்கு, ஷூவைப் பரணில் போட்டுவிடலாம் என்று எடுத்தாள். பழக்க தோஷம், கை பொத்தானை அமுக்கியது.

பத்திலிருந்து பதினொன்று: நானூற்றுப் பன்னிரண்டு.

அவள் கைப்பையைத் திறந்து சாவிகளை எண்ணினாள். இரண்டு. மாடிப்படியில் உட்கார்ந்து வழிகாட்டியைக் கூப்பிட்டாள்.

"என் பேரை எழுதிக்குங்க சார்."

"பேஷ்! பார்த்துக்க ஆள் கிடைச்சாச்சா?"

"ஆளே தேவையில்லை சார். உங்க கருவி சரியாத்தான் எண்ணியிருக்கு. எங்கப்பா நடக்கிறாரு."