மூணு பர்சென்ட்

"மூணு பர்சென்ட்தான் இருக்கு, மகாராணி. உங்களையும் உங்க டிராகனையும் போட்டோ எடுத்தா, போன் செத்துடும்."

மகாராணியிடம் முடியாது என்று சொல்லும் துணிச்சல் அந்தச் சபையில் யாருக்கும் கிடையாது. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் சலுகை உண்டு. ஏழு மாடிக் கோபுரத்துக்கு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தவளுக்குக் கயிறும் கப்பியும் வைத்து லிஃப்ட் கட்டிக் கொடுத்த புண்ணியவான் அவன்தான்.

அவன் வந்து மூன்று மாதம் ஆகிறது. நம் பூமியில் செத்தவர்களில் சிலர் இந்த அரண்மனைக் குளத்திலிருந்து எழுந்து வருவார்கள், சாகும்போது இருந்த வயதோடு, கையில் இருந்த சாமானோடு. அவனும் முப்பது வயதில் கிரீஸ் படிந்த சட்டையும் போனுமாகக் கரையேறினான். மந்திரக் குளமாச்சே, போன் நனையவில்லை. அன்றைக்கே ஆஃப் செய்து பத்திரப்படுத்திவிட்டான்.

"அப்படி யாருகிட்ட பேசப் போறே?"

"என் பொண்டாட்டிகிட்ட. அன்னைக்கு பைக்ல என் பின்னாடி உக்காந்திருந்தா. லாரி வந்து மோதுனது வரைக்கும்தான் ஞாபகம். அவ பொழச்சாளா இல்லையான்னு தெரியாம ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது."

இருந்த ஒரே ஹெல்மெட்டை அவள் தலையில்தான் மாட்டியிருந்தான். அந்த ஒரு நம்பிக்கைதான் அவனுக்கு. அன்றைக்கும் வழி நெடுகச் சண்டை. அவன் கூப்பிட்டால் அவள் போனில் மணி அடிக்காது, 'ஏய் தூங்குமூஞ்சி, போனை எடு' என்று அவன் குரலே கத்தும். விளையாட்டாக அவன் பதிந்து வைத்தது. பஸ்ஸில் மானம் போகிறது, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை மாற்றித் தொலைக்கிறேன் என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

மகாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரவாதியைப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, ஒரே ஒரு தடவை முடியும், அந்தப் பெண் எங்கே இருந்தாலும் போய்ச் சேரும் என்றார். இங்கத்து நாள் கணக்கும் அங்கத்து நாள் கணக்கும் ஒன்றில்லை என்று அவர் ஏதோ விளக்க ஆரம்பித்ததைக் கேட்க மெக்கானிக்குக்குப் பொறுமை இல்லை.

அவன் ஆன் செய்து நீட்டிய போனை மந்திரவாதி கோலால் தொட்டார். சிக்னல் வந்தது. அவன் நம்பரை அழுத்தினான்.

ஜன்னலுக்கு வெளியே, குளத்துப் பக்கமிருந்து அவன் குரலே கேட்டது.

"ஏய் தூங்குமூஞ்சி, போனை எடு."

ஐயோ, அப்படியானால் அவளும் பிழைக்கவில்லையா? விழுந்தடித்து ஜன்னலுக்கு ஓடினான்.

சற்றுமுன் கரையேறியவர்களின் வரிசையில், தலை முழுக்க நரைத்த எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, நாற்பது வருஷமாக மாற்றித் தொலைக்காத அந்தக் குரலைக் கேட்டு, பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.