சிமிட்டினால்தான் விழும்

உயிரோடிருப்பதை வருடம் ஒருமுறை நிரூபித்தால்தான் நவநீதத்துக்கு இறந்துபோன கணவரின் பென்ஷன் வரும். அதற்காக வீட்டுக்கு வந்த பெண் போனை நீட்டினாள்.

"கண்ணைச் சிமிட்டுங்கம்மா."

பாவம், நவநீதமும் பத்துத் தடவை சிமிட்டினாள். போன் ஏற்கவில்லை.

"வெளிச்சம் பத்தல, இப்படி வாங்க" என்று அந்தப் பெண் திரும்பியபோது, போன் சுவரில் மாலையோடு இருந்த கணவரின் படத்தைப் பார்த்தது. பச்சை டிக் விழுந்துவிட்டது.

"அட, ஐயாவை எடுத்துக்கிச்சே! பரவால்லம்மா, பென்ஷன் வந்துரும்."

"சிமிட்டாமலே விழுமா?"

"சிமிட்டினாத்தாம்மா விழும்."

அவள் போனதும் நவநீதம் படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஆறு வருஷமா என்னை அழவிட்டுட்டு வேடிக்கையா பாக்குறீங்க?"

பிறகு, தன் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.