அரை மணிக்கு ஒரு கட்டை

"இது வேண்டாம்" என்றாள் கோசனா, மூன்றாவது கணப்பு அடுப்பையும் பார்த்துவிட்டு.

ஒப்ரெனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த மலை ஊரில் விறகு அடுப்பு விற்கிறான். வாங்க வருகிறவர்கள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு விறகு தின்னும், எவ்வளவு நேரம் எரியும், மேலே பீன்ஸ் பானை வைக்கலாமா.

இந்த அம்மாள் கேட்டது ஒரு நாற்காலி.

அதை ஒவ்வொரு அடுப்புக்கும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டிலிருந்தே பையில் ஒரு பீச் மரக்கட்டை கொண்டுவந்திருந்தாள். இடது கையால் அடுப்பின் கதவைத் திறப்பாள், அதே கையால் கட்டையை உள்ளே தள்ளுவாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். வலது கை மட்டும் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

பாவம், கைக்கு என்னவோ என்று ஒப்ரென் நினைத்துக்கொண்டான். கேட்கச் சங்கடமாக இருந்தது.

மற்ற கதையெல்லாம் வந்ததும் வராததுமாக அவளே கொட்டிவிட்டாள். மேட்டுத் தெருவில் பழைய கல் வீடு. ஜன்னலை இறுகச் சாத்தினாலும் திரைச்சீலை ஆடும். இருந்த அடுப்பு விரிசல் விட்டுவிட்டது. கணவர் விதோயே ஒன்பது வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றைக்கே பெல்கிரேடிலிருந்து மகன் காரோடு வருகிறான். வீடு சூடாக இல்லையென்றால் அப்பாவை நேரே தன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய்விடுவானாம். அங்கே சுவரோரமாகவே வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.

"போனார்னா திரும்பி வரமாட்டார் தம்பி" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது.

அதனால்தான் ஒப்ரென் கடையிலேயே உசத்தியானதைக் காட்டினான்.

"இதப் பாருங்க அத்தை. காலைல ஒரு மூட்டை மரத்தூள் குச்சியக் கொட்டிட்டா போதும். தானே பத்திக்கும், தானே எரியும். நீங்க ரெண்டு பேரும் ஜம்முனு கால நீட்டி உக்காந்திருக்கலாம்."

கோசனா அதைச் சுற்றி வந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நெருப்புல ஓக் கட்டை போடறது நம்ம வழக்கமாச்சே, இதுல எப்படிப் போடறது? வாயே இல்லையே."

"அது... போட முடியாது."

"அப்போ மனுஷனுக்கு இதுல ஒரு வேலையும் இல்ல?"

"ஒரு வேலையும் இல்ல!" என்றான் ஒப்ரென், பெருமையாக.

"வேண்டாம்."

சரி என்று வார்ப்பிரும்பு அடுப்பைக் காட்டினான். ஒரு தடவை நிரப்பினால் எட்டு மணி நேரம் நின்று எரியும் என்றான்.

"எட்டு மணி நேரமா?" அவள் பயந்தே போனாள். "அதுவரைக்கும் என்ன பண்றது?"

ஒப்ரென் அந்த அடுப்பின் கதவை மூடினான்.

அவள் பார்வை மூலைக்குப் போனது. அங்கே அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் ஒரு குட்டி அடுப்பு மூன்று வருடமாகக் கிடந்தது. ஒப்ரெனுக்கு வெட்கமாகிவிட்டது.

"அது சரியான தீனிப்பண்டாரம் அத்தை. அரை மணிக்கு ஒரு கட்டை கேக்கும். கூடவே உக்காந்து கவனிக்கலன்னா கோவிச்சுக்கிட்டு அணைஞ்சிடும்."

கோசனாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"அரை மணிக்கு ஒண்ணா? நெஜமாவா?"

பெட்டிகளைத் தானே காலால் தள்ளிவிட்டு நாற்காலியைப் போட்டாள். அடுப்பின் வாய் மடி உயரத்துக்கு இருந்தது. இடது கை, கதவு, கட்டை. கொக்கி மட்டும் கொஞ்சம் இறுக்கம், இரண்டாவது இழுப்பில்தான் திறந்தது. "அது பழகிடும்" என்றாள். "இதுதான் வேணும்."

ஆகாத சரக்கென்று தள்ளி வைத்ததைப் போய் இப்படி ஆசையாகக் கேட்கிறாளே என்று ஒப்ரெனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். இந்தப் பக்கத்தில் ரசீதெல்லாம் அப்புறம்தான், கை குலுக்கினால்தான் வியாபாரம் முடிந்ததாகக் கணக்கு. அவள் கஷ்டப்படக் கூடாதென்று இடது கையை நீட்டினான்.

கோசனா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கடை அதிரச் சிரித்தாள்.

கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து அவனுடைய வலது கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினாள். மாடு கறந்த கை, அவன் விரல்கள் நெரிந்தன.

"எனக்கு ஒண்ணுமில்லடா தம்பி. அவருக்குத்தான் வாதத்துல வலது பக்கம் விழுந்துடுச்சு. இனிமே நான் எதுக்கு ஆவேன், எங்க வேணாலும் கொண்டு போடுங்கன்னு செவுத்தப் பாத்துப் படுத்திருக்கார். நாப்பத்தோரு வருஷமா எங்க வீட்டு நெருப்ப அவர்தான் பாத்துக்கிட்டார். என்னத் தொடவே விட்டதில்ல."

ஒப்ரென் குட்டி அடுப்பின் இறுகிய கொக்கியைப் பார்த்தான்.

"ராத்திரிக்கு யாரு கட்டை போடறது?" என்றான்.

"அவர் தூங்கினதும் நான் போட்டுக்கறேன். அத மட்டும் அவர்கிட்ட உளறிடாத."

அவள் போனபின் ஒப்ரென் கடைக் கதவில் 'உணவு இடைவேளை' அட்டையை மாட்டினான். அரமும் எண்ணெய்க் குப்பியும் எடுத்துவந்து கொக்கியை ராவினான்.

பிறகு அவள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தான். வலது கையைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு இடது கையால் இழுத்தான். திறக்கவில்லை. எழுந்து இன்னும் கொஞ்சம் ராவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஐந்தாவது தடவை ஒரே இழுப்பில் திறந்தது. உள்ளே அவளுடைய பீச் கட்டை இருந்தது. அதை அப்படியே விட்டு மூடினான்.