டை கட்டத் தெரியாதவர்

"இன்னைக்குமா? நான் வீட்டை விட்டே கிளம்பறேன், இப்பவும் வந்து கழுத்தை நீட்டறீங்களே!"

கையில் டையோடு மனைவியின் முன்னால் வந்து நின்றார் கணவர். அவளுடைய இரண்டு பெட்டிகளும் கதவருகே தயாராக இருந்தன. கீழே அவள் அண்ணன் காரோடு காத்திருந்தார்.

"ஹோட்டல்ல பெரிய விருந்தும்மா. மேனேஜரே டை இல்லாம எப்படிப் போறது?"

"நீங்களே கட்டிக்குங்க."

"தெரியாதே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. டையைப் பிடுங்கி அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள்.

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன், நல்லாப் பார்த்துக்குங்க. அகலமான முனை நல்லாக் கீழ தொங்கணும். அதைச் சின்ன முனை மேல போட்டு, பின்பக்கமா ஒரு சுத்து. மறுபடியும் முன்னால கொண்டு வந்து, கழுத்துக்கிட்ட அடியிலேர்ந்து மேல எடுத்து, இந்தச் சுத்துக்குள்ள விட்டு இழுக்கணும். பார்க்கறீங்களா, இல்லையா?"

"ம்" என்றார். அவர் டையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா? வாயைத் திறந்தா அதை எடு, இதைக் கட்டு! உங்களுக்கு வேண்டியது பொண்டாட்டி இல்லீங்க, வேலைக்காரி."

அவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். சரியான கல்லுளிமங்கன்.

முடிச்சை மேலே ஏற்றிவிட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. 'போகாதே' என்று ஒரு சொல் சொன்னால் போதும், பெட்டிகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொஞ்சம்... இறுக்கமா இருக்கு."

வெடுக்கென்று தளர்த்திவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். கார் கிளம்பிப் போன பிறகுதான் அவருக்கு அந்த ஒரு சொல் வாயில் வந்தது. வந்து என்ன பயன்?

ஹோட்டலின் விருந்துக் கூடத்தில் சர்வர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் டை முடிச்சில்லாமல் தொங்கியது. வழக்கம்போல மேனேஜர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். அவர் பார்வை எங்கோ இருந்தது. கை மட்டும் சுற்றியது, எடுத்தது, இழுத்தது. கண் இமைக்கும் நேரத்தில் முடிச்சு கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

தலைமை சர்வர் பல வருஷப் பழக்கம். அந்த உரிமையில் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் இவ்வளவு அழகாக் கட்டி விடறீங்க. உங்க டை மட்டும் ஏன் சார் தினமும் கோணலாவே இருக்கு? அவுத்துட்டு நீங்களே கட்டிக்கலாமில்ல?"

மேனேஜர் சட்டென்று தன் முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டார். வீட்டில் வராத பேச்சு இங்கே வந்தது.

"எனக்குக் கட்டத் தெரியாதுன்னு சொன்னாத்தான்யா அவ தினமும் கிட்ட வந்து நிப்பா. அதையே நம்பி, எனக்கு வேலைக்காரிதான் வேணும்னு நினைச்சு இன்னைக்குப் போயிட்டா."