கத்தி தீட்டிய தூண்

"இந்தக் கதைக்கு என்ன ஆதாரம்?"

மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண், தேவாலயத்தின் தெற்கு வாசலில் நின்று கேட்டாள்.

ஜெர்மனியின் ஆல்மர்பாக் ஊருக்கு எழுநூற்றைம்பது வயது ஆகிறது. அதற்காகப் பழைய இடங்களுக்கெல்லாம் பலகை வைக்கிறார்கள். லிண்டன் மரத்துக்கு ஆயிற்று. ஊர்ப் பொது ரொட்டி அடுப்புக்கு ஆயிற்று. வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கும் மாவு ஆலைச் சுவருக்கும் ஆயிற்று.

மிச்சம் இந்த வாசல்தான்.

சிவப்பு மணற்கல் தூணில் விரல் புதையும் ஆழத்துக்குத் தடங்கள். ஏதோ ராட்சசப் பூனை பிறாண்டிவிட்டுப் போனதுபோல.

அவளுக்குப் பக்கத்தில் யானிக் நின்றான். ஊர்க்குழு அவனைத்தான் அனுப்பியிருந்தது. பக்கத்து டவுன் பள்ளியில் சரித்திர ஆசிரியர் என்பதால்.

தேவாலயத்துக்குப் பூ வைக்கும் வால்ட்ராவுட் கிழவி முந்திக்கொண்டு கதையைச் சொன்னாள்.

நானூறு வருடத்துக்கு முந்தைய முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை ஊருக்குள் வந்ததாம். ஒரு சிப்பாய் இந்தத் தூணில் வாளைத் தீட்டினானாம். மணியடிப்பவரின் மனைவி, மழுங்கிப்போன சமையல் கத்தியோடு வந்து அவன் எதிரில் நின்றாளாம்.

"எப்படியும் தீட்டிக்கிட்டுத்தானே இருக்கே? இதையும் சேத்துத் தீட்டிக் குடுத்துட்டுப் போடா!"

அவன் தீட்டிக் கொடுத்தான். பார்த்த அடுத்த வீட்டுக்காரி தன் கத்தியைக் கொண்டுவந்தாள். அதற்கடுத்தவள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொழுது சாய்ந்தபோது ஊரிலிருந்த கத்தியெல்லாம் பளபளவென்று கூராகியிருந்தது. சிப்பாய்க்குத் தோள் கழன்றுவிட்டது. இத்தனை கூரான கத்திகள் இருக்கும் ஊரில் எதற்கு வம்பு என்று படை ஆற்றைக் கடந்து போய்விட்டது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா பலகைல போடணும்னா பழைய கதையா இருக்கணும். சின்ன வயசுல கேட்ட பெரியவங்க யாராவது சொன்னாப் போதும். இல்லேன்னா, 'காரணம் தெரியாத தடங்கள்'னுதான் எழுதணும்." யானிக்கின் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சரித்திரம் படிச்சவர். நீங்களே சொல்லுங்க. பழைய கதைதானா?"

இல்லை.

கதைக்கு வயது ஆறு. யானிக்கின் மனைவி மெர்லெ கட்டியது.

வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலையை அவள் ஏற்றுக்கொண்ட முதல் வருடம். மற்ற எல்லா இடத்துக்கும் ஏதோ ஒன்று சொல்ல இருந்தது. இந்தத் தூணுக்கு மட்டும் ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கட்டினாள். கத்தி மழுங்கல். தீட்டித் தருகிறேன் தருகிறேன் என்று யானிக் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

சுத்தப் பொய் என்றான் அவன்.

நடக்கவில்லை என்று நீ நிரூபி என்றாள் அவள்.

போன இலையுதிர்காலத்தில் மெர்லெ இறந்துபோனாள்.

அதன் பிறகும் யானிக் வகுப்பெடுத்தான். துணி துவைத்தான். ஊரார் வாசலில் வைத்துவிட்டுப் போன சூப் பாத்திரங்களைக் கழுவி, எது யாருடையது என்று விசாரித்துத் திருப்பிக் கொடுத்தான். அழுததாக நினைவில்லை.

இப்போது ஒரு சொல் போதும். ஆமாம் என்றால், எதைச் செய்யாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானோ அதையே செய்ததாகும். இல்லை என்றால், மெர்லெயின் குரல் இந்தத் தூணை விட்டுப் போய்விடும்.

யானிக் வாயைத் திறந்தான். "அது வந்து... உண்மையைச் சொல்லணும்னா..."

"அவனை எதுக்கும்மா கேக்குறீங்க? நேத்துப் பொறந்த பய."

எர்வின் கோட்வால்ட். சுவரோர பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர், தடியை ஊன்றி எழுந்துவந்தார்.

எர்வின் இருக்கும் இடத்தில் பொய் நிற்காது. பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு வருடத்தைப் பிழையாகச் சொன்னால், அங்கேயே உட்கார்ந்தபடி திருத்துகிற ஆள். இந்த ஊர்ச் சரித்திரத்தில் அவர் சண்டை போடாத தேதியில்லை.

முடிந்தது என்று யானிக் நினைத்தான்.

எர்வின் தூணருகே வந்தார். விரலைத் தடத்துக்குள் வைத்தார்.

"எனக்கு அப்ப அஞ்சு வயசு. எங்க தாத்தா இந்தக் கையப் புடிச்சு, இதே குழியில வெச்சு சொன்னாரு. கத்தி, சிப்பாய், மணியடிக்கிறவன் பொண்டாட்டி, அத்தனையும். எழுதிக்குங்க. தாத்தா பேரு ரைன்ஹோல்ட் கோட்வால்ட்."

அதிகாரி பேனாவைத் திறந்து எழுதினாள்.

யானிக் எர்வினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இவன் பக்கம் திரும்பவில்லை.

ரைன்ஹோல்ட் கோட்வால்ட் ஆல்மர்பாக்கை ஒருநாளும் பார்த்தவரில்லை. தூரத்துக் கிழக்கில் சைலீசியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடத்துக் குளிரில் அங்கேயே இறந்தவர். அவரைப் புதைத்துவிட்டுத்தான் மருமகள், கைக்குழந்தை எர்வினைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து துரத்தப்பட்ட மற்ற ஜெர்மானியர்களோடு நடந்து இங்கே வந்து சேர்ந்தாள். ஊரில் இது தெரியாதவர் கிடையாது. கோட்வால்ட் குடும்பத்துக்கு இன்றைக்கும் 'வந்தவங்க' என்றுதான் பெயர். "வந்தவங்களுக்கு நம்ம ஊரப் பத்தி என்ன தெரியும்?" என்று எர்வினின் முகத்துக்கு நேராகவே சொல்லி, ஆயுள் முழுக்க அவரோடு மல்லுக்கு நின்றவள் வால்ட்ராவுட்.

அதிகாரி நிமிர்ந்தாள். "இவங்க குடும்பம் தலைமுறை தலைமுறையா இங்கதானா?" என்று வால்ட்ராவுட்டைக் கேட்டாள்.

வால்ட்ராவுட் பூக்கூடையை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"பூர்வீகமே இந்த ஊருதாம்மா," என்றாள். "அவங்க தாத்தாவ எனக்கே நல்லாத் தெரியும்."