ஸ்பிரிட் முதலில் காயும் இடம்

பின்லாந்தின் ஔலு நகரத்து ஜன்னலில், வேலை தொடங்கி வெகுநேரமாகியும், சூரியன் ஏறாத நீலம்தான் நிற்கிறது. வெளியே கடுங்குளிர், ஆய்வுக்கூடத்துக்குள் காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. சொய்லி மின்பலகையின் மேல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாகப் பரப்புகிறாள். மின்சாரம் கொடுத்தால், பழுதான இடம் சூடேறி முதலில் காயும். சுவிட்சைத் தட்டுகிறாள். மீட்டரில் வழக்கத்தைவிட நாலு மடங்கு மின்னோட்டம். பலகை முழுவதும் ஈரம் மினுங்க, நடுவிலிருக்கும் சிலிக்கன் சில்லின் மேல் மட்டும் பொட்டளவு வறட்சி விழுகிறது. மெல்ல விரிந்து, சில்லின் விளிம்பில் போய் நிற்கிறது. இரண்டு வருட உழைப்பில் தேறி மிஞ்சிய ஒரே அதிவேகச் சில்லு அது. மதியம் அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

“யாராச்சும் மணிக்கட்டுப் பட்டை கட்டாம தொட்டுட்டாங்களோ?” என்கிறான் பக்கத்து மேசை ராய்மோ. காலையில் கம்பளிச் சட்டையைக் கழற்றிய கையோடு, பலகை கோணலாக இருக்கிறதே என்று ஒரு விரலால் நேராக்கியவள் சொய்லிதான், உடம்பு மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் அந்தப் பட்டையைக் கட்டாமல். விரல்நுனியில் சுருக்கென்று ஒரு பொறி. உறைபனிக் காலத்தில் கதவுப்பிடியைத் தொட்டாலும் அடிப்பதுதானே என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். “நான்தான்,” என்கிறாள். ராய்மோ எட்டி மீட்டரைப் பார்க்கிறான். “சரி, எந்திரி. காப்பி ஆறுது. சாவு வீட்டுக் காப்பின்னு நெனச்சுக் குடி.” அவள் எழவில்லை. மின்சாரத்தையும் நிறுத்தவில்லை. அதே விரலைச் சில்லின் மேல் வைக்கிறாள். “சொய்லி, கைய எடு, சுடும்!” “சுடுதா?” என்று சில்லிடம் கேட்கிறாள், விரலை எடுக்காமல்.