ஐம்பத்தெட்டாயிரம் குரோனர் அடுப்பு

"அம்பத்தெட்டாயிரம் குரோனர்! அவ வாங்கினது அடுப்பா, இல்ல கொட்டாயோட சேத்து ஆட்டு மந்தையா?"

ஓட்வார் கேட்டதும் கடைக் காபி மேசையைச் சுற்றியிருந்த மற்ற மூணு கிழவர்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்குக்கே அது ஒரே கடை. பால் வாங்க வருகிறவர்கள் ஊர்வம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த வாரத்துச் சரக்கு, மாரித் தன் வீட்டில் குளிருக்கு மாட்டிய புதுக் கணப்படுப்பு.

"அடுப்பு பதினெட்டாயிரம், சரி. மீதி நாப்பதாயிரம் எதுக்காம்?" என்றார் பெடர்.

"குழாயும் கூலியுமாம்! கூரையில ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகுறதுக்கு நாப்பதாயிரம். டவுன்லேருந்து ரெண்டு பசங்க வந்தானுங்க. ரெண்டு நாள் வேலை. அதுல முக்கால்வாசி நேரம் வேன்ல உக்காந்து ரொட்டி தின்னானுங்க. நான்தான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேனே!"

"உனக்கும் வேற வேலையில்ல."

ஓட்வாரின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரித் வீட்டில் அடுப்பு மாட்டிக் கொடுத்ததே அவர்தான். அவர் ஆயுசில் மாட்டிய ஒரே அடுப்பு. அதனாலேயே அதன்மேல் அத்தனை பெருமை. ஒரு காசு வாங்கவில்லை. அந்த ஊரில் பக்கத்து வீட்டு வேலைக்குக் கூலி பேசுவது கெட்ட வார்த்தை பேசுகிற மாதிரி. ஒரு கோப்பை காபி, நாலு வாஃபிள், கணக்கு தீர்ந்தது.

அந்த அடுப்பைத்தான் அவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்!

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு மாரித்தே உள்ளே வந்தாள்.

"வாங்க மகாராணி!" என்றார் ஓட்வார்.

"என்ன மாமா, காலங்காத்தால என் அடுப்புதான் பலகாரமா?"

"நான் மாட்டினதுக்கு என்ன கேடு வந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல."

"ஒரு கேடும் இல்ல மாமா. கண்ணாடிக் கதவு வெச்சது மேல ஆசை வந்துடுச்சு. பாப்பா நெருப்பை நல்லா வேடிக்கை பாக்குறா."

"கேட்டுக்கோ பெடர்! புருஷன் நடுக்கடல்ல எண்ணெய்க் கிணத்துல கெடந்து சம்பாதிக்கிறான். பொண்டாட்டி இங்க வேடிக்கை பாக்க அம்பத்தெட்டாயிரத்தைப் புகையா விடுறா."

மாரித் சிரித்தாள். காபிப் பொட்டலத்தை எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப அலமாரியிலேயே வைத்தாள். பாலும் குழந்தைக்கு நாப்கினும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

"காசையெல்லாம் குழாய்க்குள்ள கொட்டிட்டா காபிக்கு எங்கேருந்து வரும்?" என்றார் ஓட்வார்.

"மெதுவாப்பா, அவ காதுல விழப்போகுது."

"விழட்டுமே! இந்த வருஷம் அவ வாசல்ல பனி இடுப்பளவு மூடினாலும் என் மம்பட்டி அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. மணிக்கு ஆயிரம் கொடுத்து டவுன் பசங்களையே கூப்பிட்டுக்கட்டும்."

"எங்க மம்பட்டியும்தான்" என்றார்கள் மற்றவர்கள். ஒற்றைப் பெண்ணைப் பனிக்குள் தள்ளிவிட நாலு ஆம்பளைகளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து, உடம்பெல்லாம் கரியோடு ஸிகுர்ட் வந்து காபி கேட்டான். ஊர்ப் புகைபோக்கிகளைச் சோதித்துச் சுத்தம் செய்கிற நகராட்சி ஆள். இந்த இலையுதிர் காலத்தில்தான் மாற்றலாகி வந்தவன்.

"யாரைப் போட்டு இந்த வறு வறுக்கறீங்க? அந்த மாரித்தையா?"

"வேற யாரை? காசைக் கரியாக்கின பொம்பளையாச்சே" என்றார் ஓட்வார்.

"அட நீங்க வேற. அந்தக் காசுல ஒரு குரோனர்கூடத் தண்டமில்ல. முன்னாடி அங்க இருந்த அடுப்பை நான் பாத்தேனே!"

ஓட்வார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், அதுக்கென்ன?"

"மாடித் தளம் வழியாக் குழாய் போற இடத்துல, மரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல நாலு விரல் இடம் காலியா விடணும். எவனோ ஒரு மடையன், குளிர் இறங்கக்கூடாதுன்னு அதுல மரத்தூளைத் திணிச்சு வெச்சிருக்கான். உத்தரம் முழங்கை நீளத்துக்குக் கரி. தொட்டா உதிருது. அதுக்கு நேர் மேல, மாடி அறையில பாப்பாவோட தொட்டில்!"

பெடர் ஓட்வாரைப் பார்த்தார். சட்டென்று பார்வையைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டார். அன்றைக்கு ஓட்வாருக்கு மரத்தூள் மூட்டையை ஏணியில் ஏற்றிக் கொடுத்ததே அவர்தான்.

"இனிமே ஒரு குச்சிகூட எரிக்கக்கூடாதுன்னு அப்பவே சீட்டு எழுதிட்டேன். மாட்டினவன் பேரையும் அதுல எழுதணும். யாருன்னு கேட்டேன்."

"சொன்னாளா?" என்றார் ஓட்வார்.

"சொல்லுச்சே! 'நானேதான் மாட்டினேன் அண்ணே'ன்னு. 'வேற ஆள் செஞ்சிருந்தா அவங்கிட்ட நஷ்டத்தைக் கேட்டு வாங்கலாம்மா'ன்னேன். அப்பவும் மாத்திச் சொல்லல. எனக்கு வந்த ஆத்திரத்துல, 'பெத்த புள்ளையையே கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு தாயா?'ன்னு அரை மணி நேரம் திட்டினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அத்தனையும் வாங்கிக்கிச்சு."